நிலக்காட்சிப் படங்களுக்குப் பெருவடிவக் கேமராவைத் தேர்ந்தெடுத்தல்

பெருவடிவக் கேமரா என்பது 4×5 அங்குலம் அல்லது அதைவிடப் பெரிய பிலிம் தாள்களில், ஒரு தாளுக்கு ஒரு படம் என்ற முறையில் படம் பிடிக்கும் கேமரா ஆகும். லென்ஸ் பொருத்திய முன்சட்டம், பிலிம் வைக்கும் பின்சட்டம், இரண்டையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி ஆகியவையே இதன் முக்கிய உறுப்புகள். படம் பிடிப்பவர் தலைமேல் கருந்துணியைப் போர்த்திக்கொண்டு, பின்சட்டத்தில் உள்ள தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்த்துச் சட்டங்களை நகர்த்துவார். பிம்பம் சரியாக அமைந்ததும் ஷட்டரை மூடிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் பிலிம் ஹோல்டரைச் செருகிப் படம் எடுப்பார்.

அட்டைப்பெட்டியில் ஊசித்துளையிட்டு, எண்ணெய் தடவிய தாளில் பிம்பம் காட்டும் பள்ளிப் பரிசோதனையைச் செய்தவர்களுக்கு இக்கருவி புதிதாகத் தோன்றாது. நான் வகுப்பில் அதைச் செய்து காட்டிய காலத்தில் ‘மரம் ஏன் சார் தலைகீழா நிக்குது?’ என்று கேட்காத வகுப்பே இல்லை. அந்தத் தலைகீழ் மரத்தைப் பார்த்துத்தான் இன்றும் இக்கேமராவில் படம் அமைக்க வேண்டும்.

மலை, காடு, கடற்கரை முதலிய வெளியிடங்களுக்கு இத்தகைய கேமராவை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பிலிமின் அளவையும், சட்டங்கள் எத்தனை வகையில் அசையும் என்பதையும் முதலில் பார்க்கிறார்கள். நிலக்காட்சிக்கு உண்மையில் தேவைப்படும் அசைவு மிகக் குறைவு. தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு வசதியும் முதுகில் ஏறும் எடை. எடை கூடக் கூட, கொண்டுசெல்லும் தாள்களின் எண்ணிக்கை குறையும். ஏற முடிந்த உயரமும் குறையும்.

ஹாஃப் டோம், 1927

இதற்கு நன்கு பதிவான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் மேல் ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறை நிற்கிறது. 1927 ஏப்ரல் 10 அன்று அன்செல் ஆடம்ஸ் (1902–1984) அதன் முகப்பைப் படம் எடுக்க நண்பர்களுடன் மலையேறினார். அப்போது அவருக்கு வயது 25. 6½×8½ அங்குலக் கண்ணாடித் தகடுகளை ஏற்கும் கொரோனா கேமரா, லென்ஸ்கள், இரண்டு ஃபில்டர்கள், 12 தகடுகள் எல்லாம் அவர் முதுகில் இருந்தன. சுமை ஏறத்தாழ 18 கிலோ. அதோடு கனமான மர முக்காலித் தாங்கி வேறு.

வழியில் மற்ற காட்சிகளுக்குத் தகடுகள் செலவாகிவிட்டன. டைவிங் போர்டு எனப்படும் பாறை முனையை அடைந்து, ஹாஃப் டோமின் முகப்பில் வெயில் திரும்பும்வரை காத்திருந்தபோது அவரிடம் மிஞ்சியவை இரண்டே தகடுகள். முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டருடன் எடுத்தார். எடுத்து முடித்தவுடன், தாம் மனத்தில் கண்ட கருத்த வானம் அதில் வராது என்பது அவருக்குப் புரிந்தது. கடைசித் தகட்டை ஆழ்ந்த சிவப்பு ஃபில்டருடன், 5 விநாடி ஒளி கொடுத்து எடுத்தார். ‘மோனோலித், ஹாஃப் டோமின் முகம்’ என்று புகழ்பெற்ற படம் அந்தக் கடைசித் தகட்டில் பதிந்ததுதான். ஒரு தகடு குறைவாகக் கொண்டுசென்றிருந்தால் அந்தப் படம் இல்லை.

அதே பள்ளத்தாக்கில் 1861-இல் கார்ல்டன் வாட்கின்ஸ் 18×22 அங்குலக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார். அவருடைய சுமையைக் கோவேறு கழுதைகள் தூக்கின. கேமராவை யார் தூக்கப்போகிறார்கள் என்பதைத் தேர்வின் முதல் கேள்வியாக வைத்துக்கொள்வது நல்லது.

பிலிமின் அளவு

வழக்கில் உள்ள அளவுகள் 4×5, 5×7, 8×10 அங்குலம் ஆகியவை. சாதாரண 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 24×36 மி.மீ. 4×5 தாளில் ஹோல்டரின் விளிம்பு மறைப்பது போக ஏறத்தாழ 95×120 மி.மீ. பரப்பில் படம் விழும். இது 35 மி.மீ. படத்தைப் போல் 13 மடங்கு. 8×10 தாளில் இது 50 மடங்கைத் தாண்டும்.

முற்காலத்தில் பெரிய தகடுகளைப் பயன்படுத்தியதற்குக் காரணம் எளியது. படத்தைப் பெரிதாக்கும் வசதி நடைமுறையில் இல்லாததால், நெகடிவைத் தாளோடு தாள் ஒட்டி வைத்தே பிரதி எடுத்தார்கள். நெகடிவ் எவ்வளவோ, படமும் அவ்வளவே. சென்னை மாகாண அரசுக்காக லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களை எடுத்த படங்கள் பெரியனவாக இருப்பதற்கு அவருடைய காகித நெகடிவ்களே பெரியனவாக இருந்ததுதான் காரணம். இன்றும் இவ்வாறு தொடுபிரதி எடுக்க விரும்புகிறவர்களுக்கு 8×10 தேவை. பெரிதாக்கியோ ஸ்கேன் செய்தோ பிரதி எடுப்பவர்களுக்கு 4×5 தாளே மிகப் பெரிய சுவர்ப்படத்துக்குப் போதும்.

பிலிம் பெரிதானால் கூர்மையும் கூடும் என்ற எண்ணம் வெளியிடத்தில் எப்போதும் செல்லுபடியாவதில்லை. ஒரே காட்சியை ஒரே பார்வைக் கோணத்தில் எடுக்க 4×5 கேமராவுக்கு 150 மி.மீ. லென்ஸ் வேண்டும் என்றால், 8×10 கேமராவுக்கு 300 மி.மீ. லென்ஸ் வேண்டும். அருகிலுள்ள பாறையும் தொலைவிலுள்ள மலையும் அதே அளவு கூர்மையாக விழ, முதலாவதில் லென்ஸின் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கினால் போதும். இரண்டாவதில் எஃப் 45 வரை சுருக்க வேண்டும். ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். அரை விநாடியில் முடிய வேண்டிய படத்துக்கு 2 விநாடி தேவைப்படும். நீண்ட ஒளியூட்டலில் பிலிமின் உணர்திறனும் குறைவதால் இன்னும் சற்றுக் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் காற்றில் புல் அசையும், இலை அசையும், பாய்மரம் போல விரிந்து நிற்கும் துருத்தியும் அசையும்.

5×7 அழகான அளவு. ஆனால் அதற்குக் கிடைக்கும் பிலிம் வகைகள் குறைவு. முதன்முதலாக வாங்குபவருக்கு 4×5 அளவையே பரிந்துரைக்கிறேன்.

கேமரா வகைகள்

மோனோரயில் கேமராவில் இரண்டு சட்டங்களும் ஒரே தண்டில் நிற்கும்; எல்லாத் திசையிலும் தாராளமாகச் சாயும், நகரும். ஸ்விட்சர்லாந்தின் சினார் இவ்வகையில் பெயர்பெற்றது. ஸ்டுடியோவுக்கும் கட்டடப் படங்களுக்கும் உகந்தது. பழைய மோனோரயில் கேமராக்கள் குறைந்த விலைக்குக் கிடைப்பதால் மாணவர்கள் பலர் இதில் தொடங்குகிறார்கள். மேசையில் வைத்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் பைக்குள் ஒழுங்காக மடங்காது. மலைப்பாதையில் இது பெருந்தொல்லை.

பிரஸ் கேமரா என்பது பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களுக்காகச் செய்யப்பட்டது. 1912 முதல் 1973 வரை தயாரிக்கப்பட்ட ஸ்பீட் கிராஃபிக் கேமராவும், அதன் எடை குறைந்த தம்பியான கிரௌன் கிராஃபிக்கும் இவ்வகை. பெட்டி போல உறுதியாக மடங்கும், அடி தாங்கும். முன்சட்டம் சிறிது உயரும், ஆனால் முன்பக்கமாகச் சாயாது. பின்சட்டம் அசையவே அசையாது.

ஃபீல்டு கேமரா எனப்படும் வெளிக்களக் கேமராவே நிலக்காட்சிக்கென்று பிறந்த வகை. அடிப்பலகை மேல்நோக்கி மடிந்து, முழுக் கேமராவும் தடித்த புத்தகம் போல மூடிக்கொள்ளும். ஜெர்மனியின் லின்ஹாஃப் டெக்னிகா உலோகத்தால் ஆனது, மிகத் துல்லியமானது, ஆனால் இரண்டரைக் கிலோவுக்கு மேல். இங்கிலாந்தின் இன்ட்ரெபிட் நிறுவனம் ஒட்டுப்பலகையில் செய்யும் 4×5 கேமரா ஏறத்தாழ 1.2 கிலோதான். சீனாவின் சமோனி நிறுவனம் மரத்தையும் கார்பன் இழையையும் சேர்த்துச் செய்கிறது. எடை குறைந்தவற்றில் திருகுகளை இறுக்கியபின் முன்சட்டம் ஆடுகிறதா என்று விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். லேசான கேமரா வேண்டும், ஆடும் கேமரா வேண்டாம்.

எவ்வளவு அசைவு போதும்?

விற்பனை விவரக் குறிப்பில் ‘முன்சாய்வு 40 பாகை’ என்று பார்த்ததும் மயங்குகிறோம். நிலக்காட்சிக்கு எத்தனை பாகை தேவை என்பதை நாமே கணக்கிடலாம்.

கேமரா நிமிர்ந்து நிற்கும்போது கூர்மையாகத் தெரியும் தளம் பிலிமுக்கு இணையாக, ஒரு சுவர் போல நிற்கும். காலடியில் உள்ள பூவிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழ வேண்டுமானால், அந்தச் சுவரைத் தரைமேல் பாயாக விரிக்க வேண்டும். லென்ஸை முன்னோக்கிச் சாய்த்தால் அது நடக்கும். லென்ஸின் தளமும் பிலிமின் தளமும் காட்சியின் தளமும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்பது இதன் விதி. இதை ஆஸ்திரியரான தியோடர் ஷைம்ப்ஃப்ளுக்கின் பெயரால் ஷைம்ப்ஃப்ளுக் விதி என்பர்.

இதிலிருந்து கிடைக்கும் எளிய கணக்கு இது: பிலிம் செங்குத்தாக இருக்கும்போது, சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு = லென்ஸின் குவியத் தொலைவு ÷ தரையிலிருந்து லென்ஸின் உயரம். லென்ஸ் 150 மி.மீ., உயரம் 1.5 மீட்டர் என்று கொள்வோம். 0.15 ÷ 1.5 = 0.1. கோணம் ஏறத்தாழ 6 பாகை. 90 மி.மீ. லென்ஸானால் மூன்றரைப் பாகைகூட வேண்டாம். 40 பாகை சாயும் கேமராவில் மீதி 34 பாகை நிலக்காட்சிக்குப் பயன்படாமலே கிடக்கும். அதைவிட, 6 பாகையில் நிறுத்தினால் நகராமல் நிற்கிறதா, சுழியத்துக்குத் திரும்பும்போது சரியாகப் பொருந்துகிறதா என்பவையே முக்கியம்.

சாய்வு எல்லா இடத்திலும் உதவாது. முன்னால் உயரமான மரம் நின்றால், தரையில் விரித்த பாய்க்கு மேலே எழும் அதன் உச்சி மங்கிவிடும். காட்டுக்குள் சாய்வைக் குறைத்து, துவாரத்தைச் சுருக்கியே சமாளிக்க வேண்டும். அதையும் அளவோடுதான் செய்யலாம். எஃப் 32-ஐ மிகவும் தாண்டினால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மென்மையாகத் தொடங்கும்.

காட்டில் பெரிதும் கைகொடுப்பது முன்சட்டத்தின் ஏற்றம். மர உச்சியைப் பிடிக்கக் கேமராவை அண்ணாத்தினால் மரங்கள் எல்லாம் உச்சியில் கூடுவதுபோல் விழும். கேமராவை நேராக வைத்து லென்ஸை மட்டும் உயர்த்தினால் மரங்கள் நிமிர்ந்து நிற்கும். 30 முதல் 40 மி.மீ. ஏற்றம் உள்ள கேமரா நிலக்காட்சிக்குத் தாராளம்.

பிம்ப வட்டம்

ஆனால் கேமரா உயர்த்தினாலும் லென்ஸ் ஒத்துழைக்க வேண்டுமே. ஒவ்வொரு லென்ஸும் பின்னால் ஒரு வட்டமான பிம்பத்தையே வீழ்த்துகிறது. பிலிம் அந்த வட்டத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காத மூலை கருத்துவிடும். விலைப்பட்டியலில் பலரும் கவனிக்காமல் விடும் எண் இதுதான்.

பிம்ப வட்டத்தின் விட்டம் 210 மி.மீ. உள்ள 150 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொள்வோம். பிலிம் கிடைமட்டமாக 95×120 மி.மீ. ஆரம் 105, அரை அகலம் 60. பிதாகரஸ் தேற்றப்படி மையத்திலிருந்து பிலிமின் விளிம்பு 86 மி.மீ. வரை போகலாம். அதில் அரை உயரமான 47.5-ஐக் கழித்தால் 38 மி.மீ. ஏற்றம் கிடைக்கிறது. போதும். இதே கணக்கைப் பழைய 90 மி.மீ. எஃப் 6.8 ஆங்குலோன் லென்ஸுக்குப் போடுங்கள். அதன் வட்டம் ஏறத்தாழ 154 மி.மீ. விடை 1 மி.மீ.கூட வராது. கையடக்கமான, இனிய லென்ஸ்தான். ஆனால் அதை மாட்டினால் கேமராவின் ஏற்றம் முழுவதும் வீண். எஃப் 8 துவாரமுள்ள நிக்கோர் 90 மி.மீ. லென்ஸின் வட்டம் 235 மி.மீ. எடை கூடினாலும் அகலக் காட்சிக்கு அதுபோன்றதையே தேட வேண்டும்.

லென்ஸையும் கேமராவையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

துருத்தியின் நீளம்

மிகத் தொலைவிலுள்ள மலையைக் குவிக்கும்போது லென்ஸுக்கும் பிலிமுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் குவியத் தொலைவுக்குச் சமம். ஆகவே 300 மி.மீ. நீளும் துருத்தியில் 300 மி.மீ. லென்ஸை மாட்டினால் மலை குவியும். 3 மீட்டரில் நிற்கும் மரத்தின் பட்டை குவியாது. பள்ளியில் படித்த லென்ஸ் சமன்பாட்டைப் போட்டால் அதற்கு 333 மி.மீ. வேண்டும். 210 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் வரை வர 235 மி.மீ. போதும். 90, 150, 210 என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்பவருக்கு 300 மி.மீ. துருத்தி எந்தக் குறையும் வைக்காது. 90 மி.மீ. லென்ஸுக்கு எதிர்மாறான சிக்கல் வரும்: துருத்தி இறுக நெருங்கி, சட்டத்தை உயர்த்த விடாது. வாங்குமுன் அந்த லென்ஸை மாட்டி, உயர்த்திப் பார்த்துவிட வேண்டும்.

சுமையைக் கூட்டிப் பார்த்தல்

கேமராவின் எடையை மட்டும் பார்ப்பது, குடத்தின் எடையைப் பார்த்துத் தண்ணீரை மறப்பதுபோல. 4×5 ஃபீல்டு கேமரா ஒன்றரைக் கிலோ. இரண்டு லென்ஸ்கள் பலகையோடு முக்கால் கிலோ. பத்துத் தாள்களுக்கு ஐந்து ஹோல்டர்கள் ஏறத்தாழ ஒரு கிலோ. தலைப்பகுதியோடு முக்காலித் தாங்கி மூன்று கிலோ. கருந்துணி, உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒளிமானி, ஃபில்டர்கள் ஒரு கிலோ. தண்ணீருக்கும் சோற்றுக்கும் முன்பே ஏழு கிலோவைத் தாண்டிவிட்டது. 8×10 என்றால் இது பதினைந்து கிலோவை எளிதில் எட்டும். அதன் ஹோல்டர் ஒன்றே அரைக் கிலோவுக்கு மேல். எடையைக் குறைக்கிறேன் என்று முக்காலித் தாங்கியில் கைவைப்பவர்கள் உண்டு. குறைக்க வேண்டியது லென்ஸ்களின் எண்ணிக்கையை, தாங்கியை அல்ல.

ஆடம்ஸ் பின்னாளில் 8×10 கேமராவைப் பயன்படுத்தியதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். 1941 நவம்பர் 1 அன்று ‘ஹெர்னாண்டஸில் நிலவெழுச்சி’ படத்தை அவர் 8×10 கேமராவில் எடுத்தது உண்மை. ஆனால் அது சாலையோரம். கருவிகள் காரில் இருந்தன. அப்படியிருந்தும் அவசரத்தில் ஒளிமானி அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வைத் தாம் அறிந்திருந்ததால் மனக்கணக்காக ஒளி கொடுத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகளில் விழுந்த வெயில் போய்விட்டது. 1960-இல் ‘நிலவும் ஹாஃப் டோமும்’ படத்தை எடுத்தபோது அவர் கையில் இருந்தது பெருவடிவக் கேமராவே அல்ல. ரோல் பிலிம் போடும் ஹாசல்பிளாட்.

பழைய கருவி வாங்கும்போது

நிக்கான், ஃபியூஜி ஆகியவை பெருவடிவ லென்ஸ் தயாரிப்பை நிறுத்திவிட்டன. பெரும்பாலான லென்ஸ்களில் உள்ள கோபால் ஷட்டர்களின் தயாரிப்பும் நின்றுபோயிற்று. எனவே லென்ஸ் பெரும்பாலும் பழையதாகவே அமையும். ஷட்டரை 1 விநாடியில் வைத்து இயக்கி, கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள். எண்ணெய் உறைந்த ஷட்டர் மெதுவான வேகங்களில்தான் இழுக்கும், நிலக்காட்சிக்கு வேண்டியதும் அதே வேகங்கள்தான். லென்ஸ் பலகையின் துளையும் ஷட்டருக்குப் பொருந்த வேண்டும்: கோபால் 0 எண்ணுக்கு 34.6 மி.மீ., 1 எண்ணுக்கு 41.6 மி.மீ.

துருத்தியை முழுதாக நீட்டி, இருட்டறையில் உள்ளே டார்ச் விளக்கை வைத்து, மடிப்பு மூலைகளைச் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் வெயிலில் படம் கெடும். ஓரிரு துளைகளைக் கருப்பு ஒட்டுத்துணியால் அடைக்கலாம். மூலைக்கு மூலை மின்னினால் அந்தத் துருத்தியை மாற்றத்தான் வேண்டும்.

ஹோல்டர்களைச் சோதிக்க நல்ல பிலிமை வீணாக்க வேண்டாம். எக்ஸ்ரே பிலிமை அளவுக்கு வெட்டிப் போட்டு, மறைப்புத் தகட்டை இழுக்காமல் கேமராவில் செருகி, சில நிமிடங்கள் வெயிலில் வைத்துக் கழுவிப் பார்த்தால், ஒளி புகும் இடம் கருங்கோடாகத் தெரிந்துவிடும். எக்ஸ்ரே பிலிமை மங்கிய சிவப்பு விளக்கிலேயே கையாளலாம் என்பதால் தொடக்கநிலையாளர் கழுவிப் பழகவும் அது ஏற்றது. எளிதில் கீறல் விழும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. ஆடம்ஸ் செய்ததுபோல் வானத்தைக் கருக்க நினைத்து அதற்கு முன்னால் சிவப்பு ஃபில்டரை மாட்டினால், தாளில் எதுவும் பதியாது.